கூலன்ட் குடிக்கும் வண்டி

அவன் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் வாரமே எனக்குப் பிடிக்காமல் போனது. காரணம் கேட்டால் சொல்லும்படி ஒன்றும் இல்லை. நேரத்துக்கு வந்தான், கை சுத்தமாக வேலை செய்தான், எல்லோரிடமும் தன்மையாகப் பேசினான். அதுதான் காரணம். வாயில் 'வாங்க தம்பி' என்பேன், மனசுக்குள் அவன், இவன்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அருவங்காட்டில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், ஐ.டி.ஐ. படித்தவன். எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. நான் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்து, கட்டபெட்டு ரோட்டோரத்தில் இருந்த இந்த ஒர்க்‌ஷாப்பிலேயே தொழில் கற்றவன். வண்டி வளைவில் திரும்பும்போதே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நானும் கொஞ்சம் ஊதித்தான் வளர்த்திருந்தேன். வீட்டில் இவனைப் பற்றிக் குறை சொன்னால் என் மனைவி, "பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரியுறாரு" என்பாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

முதலாளி ஊட்டியில் இன்னொரு ஷெட் எடுத்திருந்தார். சீசனுக்குள் எங்கள் இருவரில் ஒருவரை அங்கே பொறுப்பாகப் போடப்போவதாகச் சொன்னார். எனக்குக் காதில் புகை வந்தது. இவன் வந்திருக்காவிட்டால் 'இருவரில்' என்ற பேச்சே வந்திருக்காது.

அப்போதுதான் அந்தக் குவாட் பைக் வந்தது. டூரிஸ்ட்டுகளுக்கு நாலு சக்கர பைக்கை மண் தடத்தில் ஓட்டக் கொடுக்கும் மைதானம் ஒன்றை ஒரு அம்மா நடத்திவந்தார். அவருடைய வண்டிகளில் இது ஒன்றுதான் பழைய டூ ஸ்ட்ரோக், ரேடியேட்டர் வைத்த எஞ்சின். எஞ்சின் சூடாகாமலிருக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் தினமும் ஒரு டம்ளர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்றார். இதைக் கண்டுபிடிக்கிறவருக்கு ஊட்டி ஷெட் சாவி என்று முதலாளி வேடிக்கையாகச் சொன்னார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலை எட்டு மணி, நல்ல மூடுபனி. குனிந்து பார்த்தேன். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஈரம். "பம்ப் சீல் போயிருச்சுங்க" என்றேன். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவசரம். அன்றே சீலை மாற்றினேன். மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது, ரேடியேட்டரில் பாதி இல்லை.

பனிக்காலையில் இந்த மலையில் எல்லா இரும்பும் வேர்க்கும். அந்த ஈரத்தைத்தான் நான் கசிவு என்று சொல்லியிருந்தேன். சீல் மாற்றும்போது நான் வடித்த கியர் ஆயில் தட்டில் அப்படியே இருந்தது. அவன் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, சீல் போயிருந்தா இதுல தண்ணீர் கலந்து பால் டீயாட்ட இருக்கும், இது சுத்தமா இருக்குதுங்கண்ணா என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் முதலாளியின் காதில் விழுந்துவிட்டது.

காலையில் எங்கள் பக்கம் எந்த சைலன்சரும் வெள்ளையாகத்தான் விடும். டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் புகையும் சேர்ந்துகொள்ளும். அதனால் வெள்ளைப் புகையை யாரும் கண்டுகொள்வதில்லை. அவன் மத்தியான வெயில் வரும் வரை காத்திருந்து, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிப் பார்த்தான். அப்போதும் வெள்ளையாக ஆவி வந்தது, ஒரு இனிப்பு வாசனையோடு. ஸ்பார்க் பிளக் கழுவி வைத்தது போல இருந்தது. எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தான், குமிழ் குமிழாகக் கிளம்பியது. சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் விட்டுப்போய், கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கிப் புகையோடு போகிறது. தரையில் எப்படிச் சொட்டும்?

இதெல்லாம் நானும் அறிந்ததுதான். நான் அறிந்ததை அவன் செய்து காட்டியதுதான் பொறுக்கவில்லை. அந்த அம்மா, தம்பி கெட்டிக்காரர் என்றார். முன்பெல்லாம் வண்டியை நிறுத்தியதும் என்னைத்தான் தேடுவார். என் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் ஹெட்டைக் கழற்றினான். கேஸ்கெட் ஓரிடத்தில் கருகியிருந்தது. புதியது வாங்கி வந்தான், ஹெட்டைக் கண்ணாடிமேல் வைத்து மட்டம் பார்த்தான், சிலிண்டரின் மேல்முகத்தைத் துடைத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான். "ஒருக்கா பாத்துச் சொல்லுங்கண்ணா."

கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினேன். கேஸ்கெட் கருகியிருந்த அதே இடத்தில், தண்ணீர்த் துளைக்கும் சிலிண்டர் வாய்க்கும் நடுவில், நகம் தட்டியது. கண்ணுக்குத் தெரியாத குழி. மைதானத்தில் கூலன்ட் தீர்ந்தால் ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார்கள், அது அரித்த இடம். லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவாமல் எந்தக் கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல இருந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். அன்றைய டீ ருசியாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊட்டி ஷெட்டில் என் பெஞ்சை எந்த மூலையில் போடுவது என்று யோசித்துக்கொண்டே குடித்தேன்.

அவன் மூடிக் கொடுத்த வண்டி ஐந்தாம் நாள் தடத்தின் நடுவில் கொதித்து நின்றுவிட்டது. அந்த அம்மா நேரில் வந்து கத்தினார். ஐ.டி.ஐ.யில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா என்று முதலாளி அவனைக் கேட்டார். நான் கேட்க நினைத்த கேள்வி அது. சந்தோஷமாக இருந்தது, கூடவே பயமும். மூடுவதற்கு முன்னால் இவரிடம் காட்டினேனே என்று அவன் என்னைக் கை காட்டிவிடுவானோ? அவன் காட்டவில்லை. என் தப்புதான், அவசரப்பட்டு மூடிவிட்டேன் என்றான்.

நான் ஹெட்டைக் கழற்றி, நகத்தை ஓட்டி, அப்போதுதான் கண்டுபிடித்தவன் போல அந்தக் குழியை முதலாளிக்குக் காட்டினேன். லேத்துக்குப் போய்வந்தபின் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. ஊட்டி எனக்குக் கிடைத்தது.

கிளம்பும் நாளில் என் டூல்ஸ் பெட்டியை ஜீப்பில் ஏற்ற அவன்தான் ஒரு பக்கம் பிடித்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னிடம் காட்டியதை அன்று முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அன்னிக்கு உங்க கைக்கே தட்டலீன்னா வேற யாரு கைக்குத் தட்டியிருக்கும்ங்க? அதப் போயிச் சொன்னா உங்க பேருதான் கெடும். அதான் உட்டுட்டேனுங்கண்ணா."

நகம் தட்டியது என்று அப்போது சொல்லியிருக்கலாம். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவன் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் முந்திக்கொண்டு வந்தது பொறாமை. இன்னொருவனுடைய பெயருக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு இப்படிச் சிரிக்க, என்னால் ஒரு நாளும் முடிந்திருக்காது.