இரண்டு விரலுக்குத் திரும்பிய ஸ்பிரிங்

கல்முனையில் பத்தொன்பது வருடமாகக் கராஜ் நடத்தும் கலந்தருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்பிரிங் மாற்றிய காரை ஜெக்கிலிருந்து இறக்கும் முன், தொங்கும் சில்லுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பிரிங்கைத் திருப்பிப் பார்ப்பார். அசைந்தால் அது அந்தக் காருக்குக் கட்டை, நீளம் போதாது. நிலத்தில் நிற்கும்போது பாரத்தால் இறுகித்தான் இருக்கும். சில்லு பள்ளத்தில் விழும் கணத்தில் இடம் விலகிவிடும். பிறகு ஓட்டுபவர் கையில் ஒன்றுமில்லை.

2023 ஓகஸ்ட் 12, சனிக்கிழமை. என் வானுக்கு ஒயில் மாற்றப் போயிருந்தேன். கலந்தரைக் ‘காக்கா’ என்று அண்ணன் முறையில் அழைக்கும் இளைஞன் அஹ்ஸன், தன் வேகக் காரை ஐந்து சென்ரிமீற்றர் தாழப் பதிக்கும் சிவப்பு ஸ்பிரிங்குகள் கொண்டுவந்திருந்தான். பதிந்து நின்றால் வளைவில் சாயாது என்றான். மூன்று சென்ரிமீற்றர் போதும், அதற்கேற்ற ஷொக் அப்சோபரும் வேண்டும் என்று கலந்தர் சொன்னதை அவன் ஏற்கவில்லை. போட்டே காட்டுவோம் என்று கலந்தர் நான்கையும் பூட்டினார். முன் இடது ஸ்பிரிங் அவருடைய இரண்டு விரலுக்கே திரும்பியது. பள்ளத்தில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

“நிலத்துல இறக்கினா இறுகிரும்தானே காக்கா. ஏன் மையத்து ஊட்டுக் கதை கதைக்கிறீங்க?” என்று அஹ்ஸன் சிரித்தான்.

நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து பழைய ஸ்பிரிங்குகளையே பூட்டுவதாகச் சொல்லிக் கலந்தர் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். நானும் போனேன். 12.55க்குத் திரும்பியபோது காரைக் காணவில்லை. அஹ்ஸன் தானே காரை ஜெக்கிலிருந்து இறக்கி எடுத்துப் போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அக்கரைப்பற்று ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி நதீராவையும் பிறந்து மூன்று நாளான குழந்தையையும் அழைத்துவரும் நாள் அது.

கலந்தர் ஏழு முறை அழைத்தும் அவன் எடுக்கவில்லை. பழைய ஸ்பிரிங்குகளையும் ஜெக்கையும் என் வானில் ஏற்றினோம்.

வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கலந்தரின் கை கதவுப் பிடியை இறுக்கியது. பாலமுனையில் தெருவோரம் ஆட்கள் கூடி நிற்பதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். மீன் வாங்குகிறார்கள் என்று நான் சொன்ன பிறகே திறந்தார்.

“என்ட கையால பூட்டின சாமான்,” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் புறப்படத் தயாராக நின்றது. பின் இருக்கையில் நதீரா, மடியில் குழந்தை. கலந்தர் இறங்கி ஓடி, காரின் முன்னால் போய் நின்றார். வரும் வழியில் காரில் ஒரு சத்தமும் இல்லை, அப்படியே போய்விடலாம் என்றான் அஹ்ஸன். கலந்தர் வாதாடாமல் முன் இடது சில்லை ஜெக்கில் உயர்த்திக் கழற்றினார்.

“தங்கச்சி, புள்ளைய அவர்ட்டக் குடுத்துட்டு இஞ்ச வாங்க. ரெண்டு விரலால இதத் திருப்பிப் பாருங்க.”

நதீரா திருப்பினாள். அது சுற்றியது. அதன் கீழ் நுனி இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏற்கெனவே ஒரு விரலளவு விலகியிருந்தது. அதை அஹ்ஸனும் குனிந்து பார்த்தான். குழந்தையை அணைத்திருந்த அவன் கை இறுகியது.

நதீரா குழந்தையை வாங்கிக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தாள்.

பழைய ஸ்பிரிங்குகளைப் பூட்டி முடிக்க 4.20 ஆயிற்று. கடைசி நட்டை இறுக்கக் கலந்தர் குனிந்தார். அஹ்ஸன் ஸ்பானரை வாங்கி இறுக்கினான். காரை இறக்கும் முன் நதீரா எழுந்து வந்து, தானே முன் இடது சில்லுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். அசையவில்லை. இன்னொரு தரம், முழுக் கையாலும் திருப்பினாள். அதன் பிறகுதான் ஏறினாள்.