மீனுக்குப் பிடித்து வைத்த தண்ணீர்

எங்கள் கள்ளக்குறிச்சி வீட்டில் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பூத்துவிடும். எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, வலியில் தரையில் உருண்டபோதே, உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. மிஷின் ஒன்று மாட்டச் சொல்லிக் கேட்டேன். "ஊரே இதத்தான் குடிச்சிக்கினு இருக்குது. உனுக்கு மட்டும் இன்னா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பிறகு அவருக்கு மீன் ஆசை வந்தது. சேலத்திலிருந்து கண்ணாடித் தொட்டியும் கறுப்பு மோலி மீன்களும் பஸ் ஏறி வந்தன. கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் படிந்ததும் மனுஷன் தன் துணிக்கடை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி, ஆர்.ஓ. மிஷின் வாங்கிவந்து மாட்டினார். மீனுக்கு! நான் ஒரு சொம்பு பிடிக்கப் போனால், "கைய வெக்காத, மீனுக்குப் புடிச்சி வெச்சது" என்பார். மிஷின் வெளியே தள்ளும் உப்புக் கழிவை வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவுவது என் பங்கு. கழுவிய தட்டில் திட்டுத் திட்டாக வெள்ளை நிற்கும். அதில்தான் சோறு.

அந்த அமிர்தத்தில் மீன்கள் நின்ற இடத்திலேயே நடுங்க ஆரம்பித்தன. உடம்பில் பஞ்சு பஞ்சாக ஏதோ படர்ந்தது. ஒவ்வொன்றாக வயிறு உப்பி மிதந்தன. நாங்கள் சாப்பிடும் கூடம் முழுக்க அழுகல் நாற்றம். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார். வழவழவென்று கிடந்ததையெல்லாம் அள்ளுவது நான். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரலை மோந்தால் வாந்தி வரும். கடைசி மீனும் சாய்ந்துவிட்ட சாயங்காலம், சனியன் ஒழியட்டும் என்று வலையோடு அள்ளிக் கழிவு வாளியில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டேன்.

காலையில் பாத்திரம் கழுவப் போனால், வாளிக்குள் அந்தக் கடைசி மீன் உயிரோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, மீன் விற்ற கடைக்குப் போன் போட்டார். மோலிக்கு உப்புள்ள தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளுமாம். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே வாளித் தண்ணிய மீனுக்கு ஊத்து. மிஷின் தண்ணிய நீ குடிச்சிக்கோ" என்றார், பெரிய மனசு பண்ணி. ஒரு டம்ளர் பிடித்து நீட்டவும் செய்தார்.

வலியில் நான் கத்தியபோது கிடைக்காத தண்ணீர், மீன் வேண்டாமென்று ஒதுக்கிய பிறகு என் வாய்க்கு வருகிறது. டம்ளரைத் தொடவே அருவருப்பாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க அதைவிட.

குடித்தேன். இன்னொரு தடவை அந்த வலியை என்னால் தாங்க முடியாது.