மாவுக்கட்டு நாட்களில் சில்வண்டு

பன்னிரண்டு மாடி லிஃப்ட் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை பார்த்தபோதெல்லாம் ஒரு கீறல்கூட விழாத மனிதர், வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தொடை வரை மாவுக்கட்டு, மூன்று மாதம் ஓய்வு. "அந்த ஸ்டூல் எத்தனை மாடிங்க?" என்று கேட்டுக் கேட்டே கம்பெனியில் சிரித்தார்கள்.

பதினோரு வருடமாக அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை "ரெண்டே நிமிஷம்". எங்கேயாவது யாராவது மாட்டிக்கொள்வார்கள், போன் வரும், தட்டில் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடுவார். அந்த ஓட்டம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மூன்றரை வயது மகள் செருப்பு மாட்டக் குனிந்தால் போதும், "விடு விடு, நான் மாட்டுறேன்" என்று பிடுங்கி மாட்டிவிடுவார். ஊட்டுவதற்கு ஐந்து நிமிடம், சட்டைக்கு அரை நிமிடம். வாய் ஓயாமல் பேசுகிற அந்தப் பெண்ணை எல்லோரும் சில்வண்டு என்றுதான் கூப்பிட்டார்கள்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறரைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவாள். அப்பா வீட்டிலேயே இருக்கப்போகிறார் என்று தெரிந்ததும் சில்வண்டு காப்பகத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"ஒத்தக் காலை வச்சுக்கிட்டு இவளை எப்படிங்க சமாளிப்பீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு குழந்தைதானே? நீ போயிட்டு வா."

எட்டு மணிக்கே வேர்த்துவிட்டது. சில்வண்டுக்குத் தண்ணீர் வேண்டும். ஜாடி மேஜைமேல் இருந்தது. இவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து ஊன்றுகோலைத் தேடுவதற்குள் அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள். இரண்டு கையாலும் ஜாடியைச் சாய்த்தாள். பாதி டம்ளரில், பாதி தரையில்.

"ஏய்!" என்று கத்தினார். கத்தத்தான் முடிந்தது.

அவள் அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அவர் வரமாட்டார் என்று புரிந்ததும் இறங்கிப் போய்த் துணி எடுத்துவந்து துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். அன்று காலை ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அந்த ஒரு மணி நேரமும் சில்வண்டு வாயே திறக்கவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து மெக்கானிக் மூளை வேலை செய்யத் தொடங்கியது. வீட்டில் எல்லாம் ஆறடி ஆளின் உயரத்தில் இருந்தன. அவர் உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல, மனைவி சுவரில் கொக்கிகளைச் சில்வண்டின் தோள் உயரத்துக்கு இறக்கி அடித்தாள். டம்ளர், தட்டு, சின்னத் துடைப்பம் எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு வந்தன. மறுநாள் சில்வண்டு சட்டைப் பொத்தான்களைத் தானே போட இருபத்தைந்து நிமிடம் ஆனது. உதவிக்குப் பாய்ந்த இரண்டு கைகளையும் அவர் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். ஒரு பொத்தான் இடம் மாறிச் சட்டை கோணலாக நின்றது. அவள் ராணி மாதிரி நடந்தாள்.

ஒரு நாள் மனைவி உள்ளே வரும்போது மகள் கையில் வெண்ணெய் தடவுகிற கத்தி.

"கத்தியா? விரலை வெட்டிக்கிட்டா யாரு தையல் போடுறது?"

"முனையும் கிடையாது, கூரும் கிடையாது. அப்படியே ஆனாலும் வீட்டுலயே நர்ஸம்மா இருக்காங்களே."

அவள் முறைத்தாள். அதற்குள் சில்வண்டு ஒரு தட்டை நீட்டினாள். ஏழு வாழைப்பழத் துண்டுகள், ஏழும் ஏழு தடிமன். "அம்மா, நான் வெட்டினது. உனக்கு." கை கழுவாமல் எதையும் தொடாத நர்ஸ், நின்ற இடத்திலேயே ஏழையும் தின்று தீர்த்தாள்.

வீடு முதல் மாடியில். மூன்றாவது வாரம் அவர் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வழுக்கியே கீழே இறங்கக் கற்றுக்கொண்டார். கட்டிடத்தின் பின்னால் கொஞ்சம் வெற்று மண், ஒரு கொய்யா மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. பொம்மைக் கூடை மாடியிலேயே கிடந்தது, அவள் அதைக் கேட்கவே இல்லை. உதிர்ந்த இலைகளைப் பெரிது சிறிதாக வரிசை வைத்தாள், மண்ணைக் குழைத்தாள், கூழாங்கற்களை எண்ணினாள். ஐந்துக்கு அப்புறம் எட்டு வந்தது. அவர் திருத்தவில்லை.

ஒரு காலையில் அவர் ஊன்றுகோலின் ரப்பரைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது அவளைக் காணவில்லை. வெளிக்கேட் திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தத்தித் தத்திக் கேட்டுக்கு ஓடினார். தெருவில் இல்லை. திரும்பிவந்து தொட்டியைச் சுற்றிப் போனால், அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கத்துவதற்கு வாயைத் திறந்தார். அவள் உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்ஷ்... அப்பா, இது வீட்டைத் தூக்கிட்டே போகுது."

நத்தை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நத்தை தொட்டியின் ஓரத்தைக் கடக்க இருபது நிமிடம் எடுத்தது. இருவரும் கடைசிவரை பார்த்தார்கள். பிறகுதான் எழ முடியாது என்பது தெரிந்தது. தொட்டி விளிம்பு கைக்கு எட்டவில்லை, ஊன்றுகோல் மண்ணில் வழுக்கியது, போன் மாடியில்.

"அப்பாவால எந்திரிக்க முடியலடா."

"நீ அழாத. நான் ஆளக் கூட்டிட்டு வரேன்," என்றாள் சில்வண்டு. "ரெண்டே நிமிஷம்!"

தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருந்த அக்கா, கழுத்தில் அளவு டேப் தொங்க ஓடிவந்தார். பார்த்ததும் வந்த சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

"ஊர்ல மாட்டுனவங்களையெல்லாம் வெளிய எடுக்குற ஆளு நீங்க. உங்களுக்கே இந்தக் கதியா தம்பி?" அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். "இவ வந்து என்ன சொன்னா தெரியுமா? 'அத்தை, அப்பா தொட்டிக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்காரு. வலி இல்ல. எந்திரிக்கத்தான் முடியல.' டாக்டர் மாதிரி சொல்றா! என் பெரியவனுக்கு அஞ்சு வயசு, தண்ணி வேணும்னாகூட 'ம்ம்'னு கைய நீட்டுறான். என் ரெண்டையும் நாளையிலேருந்து இங்க அனுப்பட்டுமா?"

"அனுப்புங்கக்கா. வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்."

இரண்டு பேரும் வந்தார்கள். முதல் நாள் போன் கேட்டு அழுதார்கள். இரண்டாம் நாள் குழி தோண்டினார்கள். மூன்றாம் நாள் சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அவர் பழைய தாழ்ப்பாள், கொண்டி, கதவுச் சங்கிலி என்று சேர்த்து ஒரு பலகையில் பொருத்தினார். மூன்று ஜோடிக் கைகள் அதைத் திறந்து திறந்து மூடின. எதிர்வீட்டுக்கு வந்திருந்த பாலர் பள்ளி டீச்சர் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"சார், குழந்தைங்களைத் தாங்களே செஞ்சு கத்துக்க விடுற இதுதான் மாண்டிசோரி முறை. எங்க படிச்சீங்க?"

"முறையெல்லாம் தெரியாதுங்க. கால் உடைஞ்சுது, அவ்வளவுதான்."

மாவுக்கட்டைப் பிரித்ததும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நேரில் போய் மதிய ஷிஃப்ட் வேண்டும் என்று கேட்டார். "காலையில என்ன வேலை உங்களுக்கு?" என்றார் மேலாளர். "மண்ணுல விளையாடணும் சார்," என்று நேராகவே சொன்னார். மேலாளர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இது கிண்டல் இல்லை என்று தெரிந்துகொண்டு, கையெழுத்துப் போட்டார்.

இப்போது பின்பக்கத்தில் ஆறு குழந்தைகள். நர்ஸம்மா வாராந்திர விடுமுறையில் தானும் இறங்கிவருகிறாள். முதல் நாள் கையுறை மாட்டிக்கொண்டுதான் மண்ணைத் தொட்டாள். போன வாரம் மழை விட்டதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் முதலில் குதித்தது அவள்தான்.