கேலரி நிறையாத ஞாயிற்றுக்கிழமைகள்

டிக்கெட் ஜன்னல்ல உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் தெரியாது, ஜன்னல் வழியா நீளுற கையும் அந்தக் கை நீளாத நேரத்துல வர்ற பயமும்தான் தெரியும். கல்யாணத்துக்கு இலையைப் போட்டுட்டு, ஆள் வருதான்னு வாசலையே பார்த்துக்கிட்டு நின்னிருக்கீங்களா? அப்போ நீங்க நம்ம கட்சி, மேல படிங்க.

எழுபதுகள்ல நான் பாண்டிச்சேரியில ஒரு மில்லுல டைம் ஆபீஸ் குமாஸ்தா. மில்லுக்குன்னு ஒரு கால்பந்து டீம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மில் மைதானத்துல ஆட்டம் நடக்கும். மைதானத்துக்கு ஒரு பக்கம் சவுக்குக் கழியில கட்டின கேலரி. அதுக்குக் கீழ, கேலரி முதுகை ஒட்டினாப்பல ஒரு தகரக் கொட்டகை, நாலு பக்கமும் தகரம், கூரைன்னா தலைக்கு மேல அந்தக் கேலரிதான். "உனக்குக் கையெழுத்து அழகா இருக்கு, நீயே டிக்கெட் குடு"ன்னு என்னை அதுக்குள்ள உட்கார வெச்சுட்டாங்க. கையெழுத்துக்கும் டிக்கெட் கிழிக்கிறதுக்கும் இன்னா சம்பந்தம்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்.

கூட்டம் எப்படி?

எங்க டீம் கோல்கீப்பர் தனசேகர் என் தங்கச்சி செல்வியோட வீட்டுக்காரன். அவனும் மத்த பத்துப் பேரும் மில்லுல பதிலி ஆளுங்க. அதாவது, எவனாவது வேலைக்கு வரலைன்னா அன்னிக்கு மட்டும் உள்ள கூப்பிடுவாங்க. டீம்ல ஆடுறவங்களுக்கு அந்த வரிசையில முதல் இடம், கொஞ்ச நாள் போனா நிரந்தரம். அந்த நம்பிக்கையிலதான் செல்வி கைக்குழந்தையோட மில்லுக்குப் பக்கத்துலயே வாடகைக்கு வந்து உட்கார்ந்தா.

சீசன் ஆரம்பத்துல மானேஜர் என்னைக் கூப்பிட்டாரு. "இந்த வருஷம் ஒரு தடவையாவது கேலரி நிறைஞ்சு நான் பார்க்கணும். இல்லேன்னா டீமைக் கலைக்கச் சொல்லி மேலிடத்துல உத்தரவு"ன்னாரு. டீம் இல்லேன்னா பதினோரு பேரும் கேட்டுக்கு வெளிய. வேற யாராவதுன்னா கூடப் பரவாயில்ல, இது நம்ம வீட்டு அடுப்பு.

செல்விகிட்ட சொல்லித் தொலைச்சேன். அன்னையிலேர்ந்து ஆட்டம் முடிஞ்சு அவ வீட்டுப் பக்கம் போனா, ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு கேக்கவே மாட்டா. வாசல்லயே நின்னுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா: "அண்ணே, கூட்டம் எப்படி?"

சுவர் மேல சொகுசு

ஆள் வராம இல்லீங்க. வருவாங்க. வந்து சுவர் மேல உட்காருவாங்க. மைதானத்துக்கு மேற்கால நல்ல அகலமான மதில். அதுல குடும்பத்தோட ஏறி வேர்க்கடலையும் வறுகடலையுமா உட்கார்ந்துடுவாங்க. மானேஜர் அந்த மதிலுக்கு முன்னாடிதான் ஷாமியானா போட்டு உட்காருவாரு. முதுகுக்குப் பின்னாடி நூறு பேர் இருக்கறது அவருக்குத் தெரியாது. எதிர்ல காலியா பல்லை இளிக்கிற கேலரி மட்டும்தான் கண்ணுல படும்.

மதில் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சுப் பார்த்தோம். அடுத்த வாரம் ஆளாளுக்கு ஒரு சாக்கு கொண்டாந்து அது மேல போட்டு உட்கார்ந்துட்டானுங்க. பொறுக்க மாட்டாம ஒருநாள் நானே போய், எங்க மில்லுல ஓய்வு வாங்கின ஒரு பெரியவருகிட்ட, "பெருசு, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உள்ள வந்து உட்காருங்களேன்"ன்னு கெஞ்சினேன். அவர் கடலைத் தோலை ஊதிவிட்டுட்டுச் சொன்னாரு: "உள்ள வந்தா வெயில் மூஞ்சியில அடிக்குது. இங்க முதுகுலதான் அடிக்குது. காசு குடுத்து எவனாவது மூஞ்சியைக் காட்டுவானா?"

நாற்காலியோட வந்த சொல்தா

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன்ல வந்தவங்களை எங்க ஊர்ல சொல்தான்னுவோம். அப்படி ஒருத்தர் வாராவாரம் தவறாம வருவாரு. வெள்ளைச் சட்டை, தொப்பி, கக்கத்துல ஒரு மடக்கு நாற்காலி. கேலரி டிக்கெட் வாங்குவாரு, "மெர்சி"ன்னு பிரெஞ்சுல நன்றி சொல்லுவாரு, ஆனா கேலரியில ஏற மாட்டாரு. ஓரமா நாற்காலியை விரிச்சுப் போட்டுத் தரையிலயே உட்கார்ந்துடுவாரு.

எனக்கு எரியும். காலியா இருக்கற கேலரியில ஒரு தலை கூடினா ஒரு தலைதானே? ஒருநாள் ஜன்னல் வழியா தலையை நீட்டி, "முசியே, டிக்கெட் வாங்கிட்டு ஏன் கீழ உட்கார்றீங்க? மேல ஏறுங்களேன்"ன்னேன். அவர் கைத்தடியால கேலரிக் காலை ரெண்டு தட்டு தட்டினாரு. தட்டின இடத்துலேர்ந்து பட்டைத் தூள் என் டிக்கெட் புஸ்தகத்து மேல கொட்டுச்சு. "சைகோன்ல எங்க மரப்பாலம் விழறதுக்கு முந்தின வாரம் இப்படித்தான் உதிர்ந்துச்சு, முசியே"ன்னாரு.

பாதி ஆளுக்குக் கட்டினது

அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல. அது வரைக்கும் கூட்டம் வரலையேன்னு ஒரு பயம். இப்போ வந்துட்டா இன்னா ஆகுமோன்னு இன்னொண்ணு. திங்கக்கிழமை மதியம் குனிஞ்சு கேலரிக்கு அடியில போய்ப் பார்த்தேன். கழிங்களைக் கட்டியிருந்த கயிறு வெயில்லயும் மழையிலயும் கிடந்து வெளுத்துப் போச்சு. நகத்தால கீறினா நாரு தனித்தனியா வருது. நடுவுல ஒரு கழி விரிசல் விட்டிருக்கு.

கேலரி கட்டின கான்ட்ராக்டரைத் தேடிப் பிடிச்சேன். ஆள் டீக்கடையில இருந்தாரு. கோபப்படவே இல்ல, பாவம் இவன் புரியாதவன்னு என்னைப் பார்த்தாரு. "இன்னா சார் நீங்க, பாதி ஆளுதானே உட்கார்றான்? பாதி ஆளுக்கு இது தாராளமாத் தாங்கும்"ன்னாரு.

நேரா மானேஜர்கிட்ட ஓடினேன். கயிறு மாத்தணும், கழி மாத்தணும், ஆபத்துன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கிட்டே கேட்டாரு, அப்புறம் சொன்னாரு: "முதல்ல ஆள் வரட்டும்ப்பா. அப்புறம் கயிறு மாத்தலாம்."

குப்பத்து வாக்கு

இதுக்கு நடுவுல ஆள் புடிக்கிற வேலையும் என் தலையிலதான். சினிமாக் கொட்டகை வாசல்ல நின்னு பார்த்தேன். மேட்னி விட்டு வர்றவன் கண்ணைக் கசக்கிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போறான். சர்ச் வாசல்ல நின்னேன். பூசை முடிஞ்சு வர்றவங்களுக்கு மதியச் சாப்பாடும் தூக்கமும்தான் ஞாபகம்.

கடைசியில வைத்திக்குப்பம் போனேன். கரையில கூடையை வெச்சுக்கிட்டு ஒரு அம்மா மீன் வித்துக்கிட்டிருந்தாங்க. நல்ல குரல், குப்பத்துல அவங்க பேச்சுக்கு மதிப்பு. "உங்க ஆளுங்களை ஆட்டத்துக்கு அனுப்புங்கம்மா, என் தங்கச்சி குடும்பமே இதுல இருக்கு"ன்னு இருக்கறதை அப்படியே சொன்னேன். அவங்க ஒரு மீனைப் புரட்டிப் போட்டுட்டு, "கடலுக்குப் போய் வந்தவன் பொணம் மாதிரி தூங்குவான், தம்பி. காத்தடிச்சு கட்டுமரம் இறங்காத ஞாயித்துக்கிழமை பாரு, குப்பத்தையே கூட்டியாறேன்"ன்னாங்க.

கட்டுமரம் இறங்காத ஞாயிறு

சீசனோட கடைசி ஆட்டம். ரெண்டு நாளா கடல் சரியில்ல, காத்து புழுதியை வாரி அடிக்குது. மேகம் போட்டு வெயிலும் இல்ல. மதில் மேல உட்கார்ந்தவங்களைக் காத்து தள்ளுதுன்னு அவங்களும் முதல் தடவையா இறங்கி வந்து டிக்கெட் வாங்குறாங்க! நான் செல்வியையும் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லியிருந்தேன். ரெண்டு தலை கூடுமே. அவ மூணாவது வரிசையில போய் உட்கார்ந்தா.

அப்புறம் குப்பம் வந்துச்சு. வாக்கு தவறல. ஆம்பளை பொம்பளை புள்ளைகுட்டின்னு ரோடு அடைச்சு வந்தாங்க. கை ஓயாம கிழிச்சுக் குடுத்தேன். "மாரியாத்தா, மாப்பிள்ளை பொழைச்சான்"னு வாய்விட்டே சொன்னேன்.

அப்பதான் தூள் விழ ஆரம்பிச்சுது. முதல்ல டிக்கெட் புஸ்தகத்து மேல. ஊதி விட்டேன். மறுபடி விழுந்துச்சு. அப்புறம் என் தலையில, சட்டைக் காலர்ல. மேல நிமிர்ந்தேன். தகரச் சுவருக்கும் கேலரிக்கும் நடுவுல ஒரு கை போற அளவு சந்து இருக்கும், அது பாதியாயிருந்துச்சு. கட்டை முனகுது. ஓரத்துல சொல்தா எழுந்திரிச்சு, நாற்காலியை மடக்கி எடுத்துக்கிட்டுப் பத்தடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாரு.

ஐயோ, எறங்குங்கன்னு கத்த வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. கத்தினா அத்தனை பேரும் ஒரே நேரத்துல எழுந்திரிப்பாங்க, அதுக்கே விழுந்துடும். டிக்கெட் குடுத்துட்டுத் தரையில நிக்கச் சொல்லலாம்னா, வாங்கினவன் ஏறாம நிப்பானா? மேல மூணு வரிசை இன்னும் காலி. அதை நிரப்ப வெளிய ஆள் நிக்குது. நிரப்பிட்டா டீம் தப்பிச்சுது. மூணாவது வரிசையில செல்வி, அவ மடியில குழந்தை. நான் ஜன்னலைச் சாத்திட்டேன்.

வெளிய தகரத்தைத் தட்டுறாங்க. திட்டு காதைப் பொளக்குது. அதுல அந்த மீன்காரம்மா குரல் மட்டும் தனியாக் கேட்டுச்சு: "வான்னு கூப்பிட்டுட்டு மூஞ்சியில சாத்துறியே, நீ நல்லா இருப்பியாடா?"

கோல் வேண்டாம் சாமி

மீதி ஆட்டத்தை நான் பார்க்கல. கொட்டகைக்குள்ள குந்திக்கிட்டு தலைக்கு மேல அந்த இடுக்கையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு கோல் விழுந்தா கேலரி மொத்தமும் எம்பிக் குதிக்கும். வாழ்க்கையில முதல் தடவையா எங்க டீம் கோல் போடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். இருக்கற சாமியெல்லாம் கூப்பிட்டேன், சம்பா கோயில் மாதாவையும் விடல. ஒரு தடவை எங்க ஆள் அடிச்ச பந்து கம்பத்துல பட்டுச்சு போல. "ஓ"ன்னு ஒரு சத்தம், பாதிப் பேர் எழுந்தாங்க, எங்கேயோ ஒரு கயிறு பட்டுன்னு அறுந்துச்சு. எனக்கு மூத்திரமே வந்துடுச்சு, மறைக்கறதுக்கு இன்னா இருக்கு.

ரெண்டு பக்கமும் ஒரு கோல் கூட இல்லாம ஆட்டம் முடிஞ்சுது. ஓடிப் போய்ப் படி கிட்ட நின்னு, "மெதுவா, மெதுவா, ஒவ்வொருத்தரா"ன்னு தொண்டை கிழியக் கத்தி அத்தனை பேரையும் இறக்கினேன். கடைசி ஆள் இறங்கினதும் மண்ணுலயே உட்கார்ந்துட்டேன்.

மானேஜர் வேகமா வந்தாரு. "வெளிய அவ்வளவு பேர் நிக்கிறான், உள்ள மூணு வரிசை காலி! என்னய்யா பண்ணித் தொலைச்சே?"ன்னாரு. கயிறு அறுந்ததைச் சொன்னேன், தூளைக் காட்டினேன். அவர் கேலரியை மேலயும் கீழயும் பார்த்தாரு. அது ஒண்ணுமே தெரியாத மாதிரி நின்னுக்கிட்டிருந்துச்சு. "விழுந்துச்சா? விழலைல்ல?"ன்னு கேட்டாரு.

மூணாவது வரிசை

மறுமாசம் டீமைக் கலைச்சுட்டாங்க. ஆட்டம் இல்லாத மைதானத்துக்கு எதுக்குன்னு கேலரியையும் பிரிச்சுப் போட்டாங்க. அதனால அது விழுந்திருக்குமா விழுந்திருக்காதான்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. தனசேகர் கொஞ்ச நாள் சித்தாள் வேலை, மூட்டை தூக்குறதுன்னு அலைஞ்சான். எதிர்ல பார்த்தா, "இன்னா மச்சான்"னு மட்டும் சொல்லிட்டு சைக்கிளை மிதிச்சுப் போயிடுவான். பல வருஷம் கழிச்சு நோணாங்குப்பத்துல படகுல ஆள் ஏத்துற வேலை கிடைச்சுது. எட்டுப் பேர்னா எட்டுப் பேர்தான், ஒன்பதாவது ஆள் காலைப் பிடிச்சாலும் ஏத்த மாட்டான்னு அங்க அவனுக்குப் பேர்.

அந்த நடுவுல, அவங்க வீட்ல உலை வெக்கறதே கஷ்டமா இருந்த நாள்ல, மனசு கேக்காம ஒருநாள் போனேன். செல்வி முறம் வெச்சுக்கிட்டு நொய் புடைச்சுக்கிட்டிருந்தா. கூட்டம் எப்படின்னு கேக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. "நான்தான் உன் பொழைப்பைக் கெடுத்துட்டேன் செல்வி. பயந்துட்டேன். கட்டை முனகினது என் காதுல விழுந்துச்சு"ன்னு சொன்னேன். அவ முறத்தைக் கீழ வெச்சா. "எனக்கும்தான் கேட்டுச்சு அண்ணே. எனக்குக் கீழதானே முனகுச்சு? குழந்தையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன், ஆனா எழுந்திரிக்கல. நான் எழுந்துட்டா ரெண்டு தலை குறையுதுன்னு மானேஜர் பார்த்துடுவாரேன்னு அப்படியே உட்கார்ந்திருந்தேன்"ன்னா.

எங்க டீமுக்கு ஏன் கேலரி நிறையவே இல்லைன்னு இன்னிக்கும் யாராவது கேட்டா வெயில், கடல், மேட்னின்னு விரல் விட்டுச் சொல்லுவேன், ஜன்னலைச் சாத்தினவன் பேரை மட்டும் முழுங்கிடுவேன்.