மனு ஜன்னலில் அற்புதமேரி

ஆவூர் அற்புதமேரிக்கு மனுப் பிரிவு கிடைத்தது தண்டனையாகத்தான். ஆய்வுக் கூட்டத்தில் ஒன்றிய அலுவலக அதிகாரி ஆத்மநாதன், "என் அனுமதி இல்லாம இந்த ஆபீசுக்குள்ள ஒரு ஈ நுழைய முடியாது" என்று முழங்கிக்கொண்டிருந்தபோது, பின்வாசல் வழியாக வந்த ஆடு ஒன்று அவருக்குப் போட்ட மாலையைத் தின்ன ஆரம்பித்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அற்புதமேரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

மறுநாளே அவளை மனு வாங்கும் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார். அந்த ஜன்னலுக்கு யாரும் திட்டாமல் வருவதில்லை.

முதலில் வந்தவள் வல்லத்திராக்கோட்டை பிச்சையம்மாள். "தண்ணி வரலைன்னு எழுதிக் குடுத்தேன். வந்து குழாய்க்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சிட்டுப் போயிட்டாய்ங்க!"

"அப்ப பெயிண்டாவது வந்துச்சுல்ல ஆத்தா!"

பிச்சையம்மாள் முறைத்தாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் அற்புதமேரி அவளைக் கையோடு பொறியாளரிடம் அழைத்துப்போய், அவர் ஆள் அனுப்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வாரமே தண்ணீர் வந்தது. அதுவரை அந்த மனுவை இறுகிய முகங்கள் பல மிகுந்த பொறுப்போடு மேசை மாற்றி மேசை வைத்திருந்தன.

"ஒங்களுக்குக் கவலையே கெடையாதாக்கா?" என்று பக்கத்து மேசை இளமதி கேட்டாள். அற்புதமேரியின் கணவர் ஆரோக்கியமுத்து பக்கவாதத்தில் படுத்திருப்பது அலுவலகத்துக்கே தெரியும்.

"இருக்குடி. வீட்ல அழுதா அவரு பயந்துபோறாரு. இங்கன அழுதா வர்ற சனம் பயந்துபோகும். வேற என்ன செய்யச் சொல்ற?"

ஜன்னலில் கூட்டமும் சிரிப்பும் கூடின. ஆத்மநாதன் கூப்பிட்டு அனுப்பினார். "சிரிப்புச் சத்தம் கேட்டா இங்க வேலை நடக்கலைன்னு நெனைப்பாங்க."

"அழுகைச் சத்தம் கேட்டா நடக்குதுன்னு நெனைப்பாங்களா சார்?"

கேட்டுவிட்டு அவள் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள். அங்கே வேறு யாரும் உட்காரச் சம்மதிக்காததால் அவளை மாற்றவும் முடியவில்லை.

போன மாதம் வரிசையில் ஓர் அம்மாள் நின்றார். வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டதாம். பெயர் கேட்டாள். புவனேஸ்வரி. கணவர் பெயர் கேட்டாள்.

"ஆத்மநாதன். உள்ள இருக்காரே, அவருதான்."

"சார்கிட்டயே சொல்லலாமேம்மா?"

"சொன்னேங்க. முறைப்படி மனு குடுன்னுட்டாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். வரிசையே சேர்ந்துகொண்டது. சத்தம் கேட்டுக் கோபமாகக் கதவைத் திறந்த ஆத்மநாதன், ஜன்னலில் நின்ற மனைவியைப் பார்த்தார். மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார்.

அற்புதமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறியாளருக்குப் போன் போட்டாள்.