நாலாவது செல்

என் வேனுக்கு நானே லித்தியம் பேட்டரி கட்டப்போகிறேன். அதற்கு நாலு செல் வாங்க இன்று அம்பத்தூர் போனேன்.

பழைய வேனில் படுக்கை, அடுப்பு, மின்விசிறி எல்லாம் வைத்துத் தனியாக ஊர் சுற்றப்போகும் திருநின்றவூர்க்காரி நான்தான். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இதற்காகவே என்னோடு பேசுவதில்லை.

கடைக்காரர் நாலு செல்லை எடுத்து வைத்தார். பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்று செல் 3.29 வோல்ட் காட்டின. நாலாவது 3.11.

“இது வேணாம் தம்பி, மாத்திக் குடுங்க.”

“இன்னாக்கா, துளி கம்மியா கீது, அவ்ளோதானே. சேத்து மாட்டிடுக்கா. போகப் போக அதுவே அட்ஜஸ்ட் ஆயிடும்.”

வரிசையாக இணைத்த செல்களில் ஒன்று முதலில் தீர்ந்தால், மற்ற மூன்றில் சார்ஜ் இருந்தும் வண்டி இருட்டாகிவிடும். அதை விளக்கியிருக்கலாம். ஆனால் அவருடைய கடைசி வாக்கியம் எனக்குப் பழைய வாக்கியம். கல்யாணமான புதிதில் மாமியார் சொன்னார், அப்புறம் அம்மா சொன்னாள், கடைசியில் எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரும் சொன்னார்.

“ஆகாது தம்பி. இருபத்தாறு வருஷம் பாத்துட்டேன். பெட்டியில மிச்சம் இருக்கறதை எல்லாம் எடுங்க.”

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தேன். பதினோராவது செல் 3.29 காட்டியது. அதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

வேனில் இன்னொரு சீட் காலியாக இருக்கிறது. வர ஆசைப்படுகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் ஏற்றுவேன்.