சொல்லிண்டு போங்கோ

சித்தியை நினைத்தால் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிலைதான் முதலில் வருகிறது. ஒரு கை கதவில். மறு கையில் யாரோ குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காப்பி டம்ளர். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்கிக்கொள்ள மறந்தவர்களைக் கூப்பிடுவது மாதிரி, வெகு சாதாரணமான குரலில், "சொல்லிண்டு போங்கோ" என்றாள். அவர்கள் தலையை இன்னும் குனிந்துகொண்டு தேடினார்கள். மலையாள மண்ணில் எங்கள் அக்ரகாரமான ஸ்ரீவராகத்தில் அன்று மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

துக்கம் கேட்கப் போன வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். அங்கே ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வீடு திரும்பியதும் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரியாமல் போனது ஒன்றுதான்: சித்தியின் வீடு துக்க வீடா, இல்லையா? அவள் பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை.

அவனுக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. சித்தப்பா போன பிறகு அந்த வீட்டில் அம்மாவும் பிள்ளையும்தான். ஒரு சனிக்கிழமை விடியலில் ஆபீஸ் நண்பர்களோடு கிழக்கே மலைக்குக் கிளம்பினான். வாசலில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "அம்மா, போயிட்டு வரேன்" என்றான். மலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் உயரத்தில் பெய்த மழை, கீழே வெயிலடித்துக்கொண்டிருந்த ஓடைக்குள் ஒரே மூச்சில் இறங்கியது. பாறைமேல் நின்ற பையன்களையும், அவர்களுக்குக் கீழே கரையோரம் அடுப்பெரிந்துகொண்டிருந்த தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. நண்பர்களின் உடல்கள் மறுநாளே கிடைத்துவிட்டன. இவன் மட்டும் இல்லை. சித்தி தெளிவாக இருந்தாள். "சொல்லிண்டு போனவனாக்கும். வருவான்."

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் சிறுவனாக இருந்தபோது அவள் சொல்லும் எக்ஸ்சேஞ்சு கதைகளுக்காகவே அந்த வீட்டுக்கு ஓடுவேன். ஊரார் பேசுவதன் நடுப்பகுதியை அவள் கேட்கக் கூடாதாம். முடிந்ததா என்று மட்டும் கேட்கலாம், லைனை எடுக்க வேண்டுமே. "ரிசீவரை எப்படி வெக்கறான்னு கேட்டாப் போறும்டா, என்ன பேசினான்னு தெரிஞ்சுடும்" என்பாள். காதலிக்கிறவன் வைக்கவே மாட்டானாம். சண்டைக்காரன் வைத்த பிறகும் காதில் மணியடிக்குமாம். சாவைச் சொன்னவன் மட்டும், தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி, சத்தமே இல்லாமல் வைப்பானாம். அந்தக் காதை அரசாங்கம் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் அவள் அந்த வாரம் முழுக்க வாசலில் நின்றாள்.

வந்தவர்களுக்கெல்லாம் காப்பி. அடுப்பு அணையவே இல்லை. டம்ளரைக் கையில் வாங்கியவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். பக்கத்து வீட்டு மாமா, "எனக்கு வேண்டாம்மா, ஷுகர்" என்றார். "எப்போலேர்ந்து மாமா? போன வாரம் கோவில் பாயசத்தை ரெண்டு தொன்னை வாங்கிண்டேளே!" என்றாள் சித்தி. மாமா சிரித்து, சிரித்திருக்கக் கூடாது என்று உணர்ந்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சொல்லிண்டு போங்கோ மாமா." "ஆங்... அதான்... பாக்கலாம்" என்று எதையோ மென்று விழுங்கிவிட்டுப் படியிறங்கினார். எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். சற்று நேரத்தில் அந்தச் சுவருக்கு அப்பால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மொண்டு, மொண்டு, தலையோடு. தண்ணீர் கொண்டுபோன பிள்ளையை விசாரிக்க வந்தவர், அவனைத் தண்ணீர் விட்டே கழுவிக்கொண்டிருந்தார். சித்தி சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்த வாரம் தெருவே குளித்தது.

அதற்குள் வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. கரையில் நின்ற யாரோ எடுத்தது. பாறைமேல் நிற்கிறான், கையை உயர்த்துகிறான், பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் நடந்து வருகிறது. வந்தவர்களுக்குப் போட்டே காப்பிப்பொடி தீர்ந்துபோய், நான் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மொத்தக் கடை வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்து நாலைந்து பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எந்துக்கு அங்க போனானுவ? போர்டு வச்சிருப்பாம்லா?" "கையைக் காட்டுதான் பாருங்க அண்ணாச்சி. சாவப்போற நேரத்துலயும் செல்ஃபிக்கு போஸு!" "பொறவு? ஐடிக்காரன்லா!" மூட்டை குலுங்கியது. அண்ணாச்சி என்னைப் பார்த்து, அதே சிரிப்பு வடியாமல், "சாருக்கு என்ன வேணும்?" என்றார். அங்கே போர்டு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. அவன் யாருக்காகக் கையை உயர்த்தினான் என்பது யாருக்குமே தெரியாது. வீடியோவுக்குக் கீழே தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் அழுதார்கள், மூன்று பாஷையிலும் திட்டினார்கள். ஒருவன், அந்த இடத்துக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்று விசாரித்திருந்தான். அவனுக்குப் பதில் சொல்லப் பலர் இருந்தார்கள்.

தெருமுனையில் ஃபிளெக்ஸ் ஏறியது. ஆதராஞ்சலிகள் என்று மலையாளத்தில் பெரிய எழுத்து, கறுப்புக் கொடி, காலேஜ் நாளில் எடுத்த அவன் படம். அவன் படத்தைவிடக் கீழே வரிசையாக நின்ற தெருச் சங்கத்துக்காரர்களின் படங்கள் பளிச்சென்று இருந்தன. தோட்டத்து வீடுகளில் போனவர்களுக்கு அந்தத் துணியில் இடமில்லை. செய்தியிலும் அவர்கள் 'மற்றும் சிலர்'தான். சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு நேரே நடந்துபோய், கயிறு கட்டிக்கொண்டிருந்த பையனிடம், "மோனே, அதை எறக்கி வையி. அவன் வந்து பார்த்தா நாணமாயிடும்" என்றாள். அவன் ஏணியில் நின்றபடியே என்னைப் பார்த்தான். ஃபிளெக்ஸ் அடுத்த மழைவரை இருந்தது.

பிறகு டிவிக்காரி வந்தாள். மைக்கோடு வந்த அந்தச் சின்னப்பெண் ஒருத்திதான் காப்பியை அடிவரை குடித்தாள். "நல்ல காப்பி அம்மே" என்றாள். அவள் கிளம்பும்போது சித்தி வழக்கம்போலக் கதவைப் பிடித்துக்கொண்டு, அதையே மலையாளத்தில், "பறஞ்ஞிட்டு போ மோளே" என்றாள். அந்தப் பெண் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "போயிட்டு வராம் அம்மே!" என்றாள். அன்றைக்குத்தான் சித்தி உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் அதையேதான் டிவியில் காட்டினார்கள். கதவும் டம்ளரும் அந்த வார்த்தையும், பின்னால் வயலின். மகன் இறந்ததை அறியாத அம்மா என்று கீழே ஓடியது.

அதோடு ஊர் கற்றுக்கொண்டுவிட்டது. முன்பு சொல்ல மறுத்தவர்கள் இப்போது சொல்வதற்கென்றே வந்தார்கள். கோவிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வழிகேட்டு வந்தார்கள். ஆட்டோவை நிறுத்திவைத்துவிட்டு வந்தார்கள். பிடிவாதக் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில், உரக்க, "மாமி, போயிட்டு வரோம்!" என்றார்கள். சித்தி அந்த ஒரு வார்த்தைக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அதைக் கூடைகூடையாகக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார்கள், ஒன்றிலும் உயிரில்லை. ஒருத்தி அப்படிச் சொல்லிவிட்டு, படியிறங்கியதும் கணவனிடம் மெதுவாக, "வீடியோ எடுத்தியா?" என்று கேட்டாள். அந்தக் காதுக்கு அதுவும் கேட்டுவிட்டது. சித்தி உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். வந்து கதவைச் சாத்தினாள். உடனே, திமிர் என்றார்கள். நாலு பேர் ஆறுதல் சொல்ல வந்தால் முகத்தில் அடித்தாற்போல் சாத்துகிறாளே என்றார்கள். அதற்குள் தேர்தல் வந்தது. ஒருவரும் வரவில்லை.

சாஸ்திரிகள் மட்டும் ஒருநாள் வந்து, தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்றார். "அவன் வந்து பார்த்தா சிரிப்பான்" என்று சித்தி மறுத்துவிட்டாள். வருஷங்கள் போயின. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். காப்பி குடிப்பேன், எதையாவது பேசுவேன், "போயிட்டு வரேன் சித்தி" என்பேன். "வாடா" என்பாள். அவள் பிள்ளை உயிரோடிருந்தது அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான். எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

இந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிவியில் வேறொரு மலை, வேறொரு ஓடை, அதே பழுப்புச் சுவர். ஓர் அம்மாவின் முகத்துக்கு எதிரே நாலைந்து மைக்குகள். "பாவம், இனிமே அவாத்துக்கு ஊரே வரும். காப்பி போட்டு மாளாது அவளுக்கு" என்றாள் சித்தி. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பாலத்தின்மேல் சில பையன்கள். சித்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தாள். "ஐயோ, இந்த மழையிலே எதுக்காக்கும் இவாள்ளாம் அங்கே போறா? ஆத்திலே சொன்னாக் கேட்டாத்தானே..."

வாக்கியம் அங்கே நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ இருவர் பேசுகிற லைனில் தன் குரலே கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை. டிவியை அணைத்தாள். என் டம்ளரில் காப்பி பாதி இருந்தது. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, ஒரு டம்ளரைக் கழுவ வேண்டியதற்கு மிக அதிகமாக.

நான் எழுந்தேன். அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே நிலை, கையில் டம்ளர் மட்டும் இல்லை. வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றாள். "சொல்லிக்காமப் போடா."

செருப்பைத் தேடுகிறவன்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். செருப்பு காலடியிலேயே கிடந்தது. ஊர் எப்போதோ சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. கடைசியாகப் போனவன் நான். படியிறங்கும்போது எனக்குப் பின்னால், ரிசீவரை வைப்பது போல, சத்தமே இல்லாமல் கதவு மூடியது.